ரப்பருக்கு வயசாகிறது

1998-ல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. அடுத்த வருடமே பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்ஸென்ட், மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். இரண்டே வருடத்தில் சென்னையைச் சுற்றி மூன்று செடான் கார்கள் பிறந்தன. இந்த மூன்றில் எதையுமே இப்போது புதிதாக வாங்க முடியாது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல் பக்கத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் பானெட் திறந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளே தலையை விட்டபடி யாராவது ஒருவர் நிற்பார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என் வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே விலை கேட்கிறார்கள்.

பழைய கார் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கு?" கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்பது என் கட்சி. ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே அபூர்வம். இரண்டுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்தில், எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று சுமையைத் தாங்குகிறது. தேய்மானத்தில் பெரும்பகுதி அந்தப் படலம் உருவாகாத நேரத்தில், அதாவது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில் நடந்துவிடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் இரும்பு நீண்ட காலம் தாங்கும். வண்டியில் முதலில் மூப்படைவது இரும்பு இல்லை, ரப்பர். அதற்கடுத்து, வண்டிக்குள் சுற்றிவரும் திரவங்கள். இவை இரண்டும் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, காலண்டரைப் பார்க்கின்றன.

ஒரு செடான் காரில் எங்கெல்லாம் ரப்பர் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் முடியவே முடியாது. டயர், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், ஃபேன் பெல்ட், டைமிங் பெல்ட், எஞ்சின் மவுன்டிங், சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், கதவு பீடிங், வைப்பர். இவ்வளவும் ஒரே பொருள்தானா என்றால், பெயர்தான் ஒன்று. ரப்பர் என்பது நீள நீளமான கார்பன் சங்கிலிகளின் சிக்கல். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். பச்சை ரப்பரில் இந்தச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும், வெயிலில் பிசுபிசுக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சுட்டபோது, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே முடிச்சுகள் விழுந்தன. கொஞ்சம் முடிச்சு போட்டால் டயர். அதே ரப்பரில் கந்தகத்தை அள்ளிக் கொட்டி முடிச்சுகளை நெருக்கினால் எபோனைட். பழைய மைப் பேனாக்களின் உடம்பு செய்த அந்தக் கறுப்புக் கட்டை.

ரப்பர் கிழடாவது பெரும்பாலும் இப்படி முடிச்சுகள் கூடும் வழியில்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளைத் தாக்குகிறது. பல செயற்கை ரப்பர்களில் அது வேண்டாத இடங்களில் புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போகிறது. ஹோஸ் ஒவ்வொரு வருடமும் எபோனைட்டை நோக்கி ஓரடி வைக்கிறது. இயற்கை ரப்பரில் சில சமயம் எதிர்மாறாக, சங்கிலிகள் அறுந்து பிசின் ஆகிறது. இதோடு ஓசோனும் சேர்ந்துகொள்ளும். காற்றில் அது இருப்பது மிக மிகக் கொஞ்சம்தான். ஆனால் இழுபட்டு நிற்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப் பிடித்து அறுக்கும். பழைய டயரின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவே, அது ஓசோனின் கைவரிசை.

வேதிவினைகளுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889-ல் தந்த சமன்பாட்டின் சுருக்கம் இது. 20 டிகிரியில் நிற்கும் காரோடு ஒப்பிட்டால், மே மாதம் அம்பத்தூரில் 40 டிகிரியில் நிற்கும் காரின் ரப்பர் நான்கு மடங்கு வேகத்தில் மூப்படைகிறது. வெளிநாட்டுக் கையேட்டில் ஒரு பெல்டுக்கு இத்தனை ஆண்டு என்று போட்டிருந்தால், அதை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். பேட்டரிக்கும் இதே கதி. குளிர் நாட்டில் பேட்டரி குளிர்கால விடியலில் காலை வாரும். நம்மிடம் அது கோடை வெயிலில் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

எந்த ரப்பரை எங்கே போடுவது என்பதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஈபிடிஎம் என்ற ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஓசோனுக்கு அங்கே வேலை கிடையாது, கொதிநீரும் ஒன்றும் செய்யாது. ஆனால் பெட்ரோலோ கனிம எண்ணெயோ பட்டால் ஊதிப் பருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் நேரெதிர்: பெட்ரோலில் ஊறினாலும் அசையாது, ஓசோனைக் கண்டால் தளர்ந்துவிடும். ஆகவே ரேடியேட்டர் ஹோஸுக்கு ஈபிடிஎம், பெட்ரோல் லைனுக்கு நைட்ரைல் வகை. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர்களும் பெரும்பாலும் ஈபிடிஎம்தான். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைகால் வகைத் திரவம் என்பதால் அது சாத்தியமாகிறது. அவசரத்துக்குப் பிரேக் டப்பாவில் எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா வாஷரும் உப்பி, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும், மொத்த பிரேக் அமைப்பையும் பிரித்து மேய வேண்டிவரும்.

பிரேக் ஆயிலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொந்தமாக வண்டி பார்ப்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். அந்தத் திரவத்துக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டப்பா மூடி இறுக்கமாக இருந்தாலும், பிரேக் ஹோஸின் ரப்பர் சுவர் வழியாகவே காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போகிறது. கடலோர நகரத்தின் காற்று எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. கிட்டத்தட்ட 4 சதவீத நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155. திருப்பதி மலையிலிருந்து இறங்கும்போது காலிப்பர் சுட்டால், ஈரம் ஏறிய திரவம் உள்ளேயே கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இறங்கி நின்று அரைமணி ஆறிய பிறகு மெக்கானிக் மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லாக நிற்கும். "ஒண்ணும் இல்லையே சார்" என்பார்.

ஈரத்தை உறிஞ்சாத திரவத்தைக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று தோன்றும். இருக்கிறது, சிலிக்கோன் வகை. ஆனால் அதில் புகுந்த நீர் கலக்காமல் சொட்டுச் சொட்டாகப் பள்ளத்தில் தங்கும், பெரும்பாலும் காலிப்பரில். அங்கே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். 100 டிகிரியிலேயே கொதித்தும்விடும். நீரைத் தன்னோடு கலந்து பரப்பிவிடும் திரவம் அந்த வகையில் நல்லதுதான். அதற்கு விலையாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். மாற்றுவது ஞாயிறு காலை வேலை. பக்கத்து வீட்டுப் பையன் சீட்டில் உட்கார்வான், நான் சக்கரத்தடியில். "மிதி... மிதி... பிடி." பிடித்ததும் ப்ளீடர் நிப்பிளை எட்டாம் நம்பர் ஸ்பேனரில் கால் சுற்று திறந்தால், நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாயில் பழைய திரவம் காப்பி நிறத்தில் வரும். "விட்டுடவா அங்கிள்?" நிப்பிளை மூடும் முன் விட்டால் காற்றை உறிஞ்சிவிடும். "மூடினதும் சொல்றேன்டா." தேன் நிறம் வரும்வரை இது தொடரும், நடுவில் டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டே.

இந்த ஊரில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடியில் 1960-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகள் காரின் உறுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டன: பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, ஸ்டார்ட்டருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ் டிவிஎஸ், சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா. 1966-ல் நட்டு போல்ட்டுக்கு சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அதே காலத்தில் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி. 1965-ல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து உருண்டு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னச் சின்ன பட்டறைகள் இவற்றுக்கெல்லாம் உதிரி செய்து வளர்ந்தவை. டார்க் ரெஞ்ச் என்றால் என்னவென்று விளக்கம் கேட்காத ஆட்கள் ஒரு தெருவுக்கு இரண்டு பேராவது இங்கே இருப்பதற்கு அந்த அறுபது வருடப் பழக்கமே காரணம்.

சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகள் அனுப்பத் தொடங்கியது அன்றைக்குப் பெரிய செய்தி. ஒரு மூடிக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டவர்களும் உண்டு. அந்த மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அழுத்தம் அந்த அளவைத் தாண்டும்வரை ஸ்பிரிங் திறக்காது. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. அடியில், நடு மையத்தில், விரல் நகத்தால் இழுத்தால் திறக்கும் இன்னொரு குட்டி வால்வு. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்தக் குட்டி வால்வு திறந்து, பக்கத்து டப்பாவுக்குப் போன கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருந்தால் ஹோஸைத் திட்ட வேண்டாம், குட்டி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வால்வும் உட்காருவது ரப்பர் வளையத்தின் மேல். வளையம் விறைத்துப்போனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், சிலிண்டர் ஹெட் வளையும். சில நூறு ரூபாய் மூடி கெட்டதால் பல ஆயிரம் ரூபாய் ஹெட் வேலை வருவது இப்படித்தான்.

மூடியை விட அதிகம் வஞ்சிக்கப்பட்ட பாகம் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. பட்டரவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் தம்பி, கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் தெர்மோஸ்டாட் என்றால் அவருக்கு ஆகாது. "எதுக்குண்ணே அது? ஊட்டியில ஓட்டுறவனுக்கு வெச்சது. நம்ம வெயிலுக்குக் கழட்டிப் போட்டுடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க அப்படிக் கழற்றிப் போடப்பட்ட வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன.

அந்தச் சின்னப் பித்தளைப் புட்டிக்குள் மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. இருப்பது மெழுகு. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே வடிவமைத்த உத்தி: குறிப்பிட்ட வெப்பத்தில் மெழுகு உருகும், உருகும்போது பருமன் கூடும், கூடிய பருமன் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி வால்வைத் திறக்கும். திறக்கும் வெப்பநிலை விளிம்பிலேயே குத்தப்பட்டிருக்கும், பெரும்பாலும் 82. சோதித்துப் பார்ப்பது சுலபம். சமையலறையிலிருந்து ஒதுக்கப்பட்ட ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர்; தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடி தொடாமல் தொங்கவிட வேண்டும்; பக்கத்தில் தெர்மாமீட்டர். எழுபது சொச்சம் டிகிரியில் எதுவும் நடக்காது. 82-ஐ நெருங்கும்போது வால்வின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு தெரியும், நகம் நுழையாத இடைவெளி. பிறகு வேகம் பிடிக்கும். 95-ல் ஸ்பிரிங் நன்றாக அமுங்கி, வால்வு எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கி நிற்கும். அடுப்பை அணைத்தால் வந்த வழியே மூடும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எஞ்சினுக்குள் யாரும் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கும் வேலை இது. நேரில் பார்த்த பிறகு அதைத் தூக்கியெறிய மனம் வராது.

கழற்றினால் என்ன ஆகும்? எஞ்சின் சூடாக வெகுநேரம் பிடிக்கும். அதுவரை கணினி பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். எரிந்ததில் உண்டான நீராவி எஞ்சின் எண்ணெயில் கலந்து, வெளியேறாமல் தங்கும். இது தெரிந்த கதை. தெரியாத கதை, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பூந்தமல்லி சிக்னலில் நிற்கும்போது, சூட்டைக் குறைக்கக் கழற்றிய வண்டி அதனாலேயே சூடாகும். தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்ப உங்க வண்டிக்குப் போட்டுடலாம்ண்ணே" என்றார். மற்ற வண்டிகளைப் பற்றி அவர் கருத்து மாறியதாகத் தெரியவில்லை.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் கார்பனேட்டாகி எஞ்சின் சுவரில் வெள்ளைப் பொருக்காகப் படியும். பொருக்கு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரை விட ஒரு ஹெட் கேஸ்கெட் பல மடங்கு விலை. கூலன்ட் பச்சையாகவே இருக்கிறதே என்று வருடக்கணக்கில் விடுவதும் தவறு. நிறம் சாயம்தான்; துருத் தடுப்பு ரசாயனங்கள் தீர்ந்துபோன பிறகும் பச்சை பச்சையாகவே இருக்கும்.

பெட்ரோலில் எத்தனால் வந்தது புதிய தலைவலி. 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. இருபது வருடத்துக்கு முந்தைய ஹோஸ்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் சில ரப்பர்களை ஊதவைக்கும், சிலவற்றிலிருந்து இளக்கிகளைக் கரைத்து எடுத்துவிடும். லிட்டருக்கு எத்தனாலில் இருக்கும் ஆற்றலும் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் பக்கத்து பெட்ரோல் ஹோஸை மாற்றுவது மலிவான வேலை, தீப்பிடிக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இலவசம் என்றே சொல்லலாம். மழைநீர் விஷயம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கியபோது பலர் செய்தது, வடிந்ததும் சாவியைத் திருப்பியது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றும்வரை சாவியைத் தொடக் கூடாது.

நான் அதிக நேரம் செலவழிப்பது சஸ்பென்ஷன் புஷ்ஷில். திருமுல்லைவாயல் சாலையில் "கட கட" சத்தம் வந்தால் பாதி நேரம் அதுதான். இரண்டு இரும்புக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் இரண்டோடும் சுட்டு ஒட்டப்பட்ட ரப்பர். வெளிக் குழாய் லோயர் ஆர்மில் அழுந்தி நிற்கும், உள்குழாய் போல்ட்டில் இறுகி நிற்கும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவே. அதனால் கிரீஸ் வேண்டியதில்லை. இந்த அமைப்பின் சூட்சுமம் போல்ட்டை எப்போது இறுக்குகிறோம் என்பதில் இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் முழுசாக இறுக்கிவிட்டு இறக்கினால், வண்டியின் எடை வந்த கணமே ரப்பர் முறுகிய நிலையில் மாட்டிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது அதற்கு மேலும் முறுக்கு. சில மாதத்தில் கிழிந்துவிடும். புஷ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியை நான்கு சக்கரத்தில் நிற்கவைத்து, அதன்பிறகு அடியில் புகுந்து இறுக்க வேண்டும். இடைஞ்சலான வேலை, பட்டறையில் யாருக்கும் பொறுமை இருக்காது. சொந்த வண்டியைத் தானே பார்ப்பவனுக்கு இருக்கும்.

தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். டில்லியில் 15 வருடப் பெட்ரோல் வண்டிக்குக் கொண்டுவரப்பட்டது போன்ற தடை இங்கே இல்லை. எனவே வண்டி எவ்வளவு காலம் ஓடும் என்பது கடைசியில் உதிரிபாகத்தைப் பொறுத்த கேள்வியாகிறது. கம்பெனி நிறுத்திய பாகத்தைத் தேடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் போகிறோம். அங்கே சில கடைகளில், தூசி படிந்த அட்டைப்பெட்டியில், யாரும் பிரிக்காத ஒரிஜினல் பாகம் கிடைக்கும்போது கைக்கு ஒரு நடுக்கமே வரும். வாட்டர் பம்ப் உடல், பிரேக் டிஸ்க், கியர், கண்ணாடி என்றால் பேரம்கூடப் பேசாமல் வாங்கலாம். ஹோஸோ பெல்டோ புஷ்ஷோ என்றால் யோசிக்க வேண்டும். "கம்பெனி பீஸ் சார், சீல்கூட உடைக்கல" என்பார் கடைக்காரர். உண்மைதான். ஆனால் அந்தக் கடையின் தகரக் கூரைக்கடியில் பதினைந்து கோடை அந்தப் பெட்டியோடு கழிந்திருக்கின்றன. டயருக்காவது பக்கச் சுவரில் நான்கு இலக்கம் போட்டிருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஹோஸில் அப்படி இருக்கும் என்று எப்போதும் சொல்ல முடியாது. அதை இரு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மடக்கி, மடிப்பின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெடிப்பு தெரிந்தால், உள்விட்டமும் வெளிவிட்டமும் நீளமும் அளந்து எழுதிக்கொண்டு, அதே அளவில் வேறு எந்த வண்டிக்கு இன்றும் புதிதாக வருகிறது என்று தேடுவதே நல்லது. ஐகான்காரருக்கும் ஆக்ஸென்ட்காரருக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பேச்சில் பாதி இந்த மூன்று எண்கள்தான்.